மூன்றாவது ஓட்டத்தில் லோலா வென்றது எப்படி?

1998 ஆகஸ்டில் ஜெர்மனியில் திரைக்கு வந்த, டாம் டைக்வர் இயக்கிய ‘ரன் லோலா ரன்’ படத்தின் வேகத்தைப் பற்றி அதைப் பார்த்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு அதிகமில்லை. 81 நிமிடங்கள் ஓடும் அந்தப் படம் இருக்கையில் நிம்மதியாகச் சாய விடுவதில்லை என்பதைப் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் ஒருசேர ஒப்புக்கொள்கிறார்கள். வாக்குவாதம் தொடங்கும் இடம் வேறு. ஒரே 20 நிமிட ஓட்டத்தைப் படம் தொடக்கத்திலிருந்து மூன்று முறை, மூன்று வெவ்வேறு முடிவுகளோடு சொல்கிறது. அதன் மூன்றாவது ஓட்டத்தில், ஒரு சூதாட்ட விடுதியில், ரூலெட் சக்கரத்தின் ஒரே எண்ணில் பந்து அடுத்தடுத்து இருமுறை விழுகிறது. அதைக் கதை சொல்லத் தெரியாதவரின் குறுக்குவழி என்று சிலர் சினந்துகொள்கிறார்கள். அந்த ஒரு கணத்துக்காகவே மற்றவை அனைத்தும் எடுக்கப்பட்டன என்று வேறு சிலர் வாதாடுகிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தப் பிணக்கு தீராமல் இருப்பதை ரசனை வேறுபாடு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. தற்செயல், கற்றுக்கொள்ளுதல், மனவுறுதி என்னும் மூன்று வெவ்வேறு காரணங்களைப் படம் ஒரே கதைக்குள் கலந்து வைத்து, எது எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. பார்ப்பவர் எந்தக் காரணத்தைப் பற்றிக்கொள்கிறாரோ, அதற்கேற்பவே அவருடைய தீர்ப்பும் அமைகிறது.

கதை எளியது. பெர்லினில் ஒரு குற்றக் கும்பலுக்காகப் பணம் கொண்டுசெல்லும் மானி, பயணச்சீட்டுப் பரிசோதகர்களைக் கண்ட பதற்றத்தில், ஒரு லட்சம் மார்க் (அன்றைய ஜெர்மானிய நாணயம்) இருந்த பையைச் சுரங்க ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கிவிடுகிறான். வீடற்ற ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். நண்பகல் 12 மணிக்குக் கும்பலின் தலைவன் ரோனியிடம் பணத்தை ஒப்படைக்காவிட்டால் உயிர் மிஞ்சாது. தொலைபேசிக் கூண்டிலிருந்து காதலி லோலாவை அழைக்கும் மானி, அதற்குள் பணம் வராவிட்டால் அருகிலிருக்கும் பல்பொருள் அங்காடியைக் கொள்ளையடிக்கப் போவதாகச் சொல்கிறான். லோலாவிடம் இருப்பது 20 நிமிடம். அவளுடைய மொபெட்டோ திருடுபோய்விட்டது. அவள் ஓடுகிறாள்.

முதல் ஓட்டத்தில், வங்கி அதிகாரியான தந்தை பணம் தர மறுத்து அவளை வெளியேற்றுகிறார். சில நொடிகள் தாமதமாக மானியிடம் வந்து சேரும் லோலா அங்காடிக் கொள்ளையில் அவனுக்குத் துணைநின்று, காவலர் ஒருவரின் கைத்தவறிய குண்டுக்கு இரையாகிறாள். இரண்டாவது ஓட்டத்தில், தந்தையின் வங்கியையே துப்பாக்கி முனையில் கொள்ளையடித்துப் பணத்தோடு வருகிறாள். இம்முறை மானி ஆம்புலன்ஸ் மோதிச் சாகிறான். மூன்றாவதில் தந்தையைச் சந்திக்கவே முடியாமல் போய், சூதாட்ட விடுதிக்குள் நுழைகிறாள்.

இந்த மூன்றையும் பிரிப்பது மாடிப்படியில் நிகழும் ஓரிரு நொடி வேறுபாடு. படியில் நாயோடு ஒரு பையன் நிற்கிறான். இந்தப் பகுதி கார்ட்டூன் சித்திரமாக வரையப்பட்டிருக்கிறது. முதல் ஓட்டத்தில் லோலா அவர்களைக் கடந்து ஓடிவிடுகிறாள். இரண்டாவதில் பையன் காலை நீட்டித் தட்டிவிட, உருண்டு விழுந்து நொண்டிக்கொண்டு ஓடுகிறாள். மூன்றாவதில் நாயைத் தாண்டிக் குதிக்கிறாள். இதன் விளைவுகளைப் பின்தொடர்வதுதான் படத்தை இரண்டாம் முறை பார்ப்பவர்களுக்குக் கிடைக்கும் பெரிய இன்பம். தந்தையின் அறையில் அவருடைய காதலி யுட்டா, தான் கருவுற்றிருப்பதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முதல் ஓட்டத்தில் லோலா அந்தப் பேச்சின் நடுவே நுழைவதால், யுட்டா சொல்ல வந்த மீதி வாயிலேயே நின்றுவிடுகிறது. இரண்டாவதில் லோலா நொண்டி வருவதால் ஏற்படும் சிறு தாமதத்துக்குள், குழந்தை அவருடையதன்று என்ற உண்மை வெளிப்பட்டு, இருவரும் கத்திக்கொண்டிருக்கும் அறைக்குள் அவள் காலடி வைக்கிறாள். மூன்றாவதில் அவள் விரைந்து வருவதாலேயே காரியம் கெடுகிறது. தந்தையை அழைத்துச் செல்ல வரும் மையர் என்பவரின் கார் மற்ற இரு முறையும் ரோனியின் வெள்ளைக் காரோடு மோதித் தாமதமாகிறது; இம்முறை லோலா காரின் முன்பகுதியில் வந்து விழ, மையர் பிரேக் போட, மோதல் தவிர்ந்து, அவர் குறித்த நேரத்துக்கு வங்கியை அடைந்துவிடுகிறார். லோலா வாசலுக்கு வரும்போது தந்தையை ஏற்றிக்கொண்டு கார் போய்விடுகிறது.

ஓட்டத்தை நாயகியின் திறமை என்று எடுத்துக்கொள்ளும் பார்வையாளர்கள் இந்த இடத்தைக் கவனிக்கத் தவறுகிறார்கள். விரைவாக ஓடியவளுக்குப் பரிசு என்ற கணக்கு இங்கே செல்லாது. முந்தி வந்ததால் வாய்ப்பை இழக்கிறாள், பிந்தி வந்ததால் ஒரு ரகசியம் உடைகிறது. இதுவரையிலான பகுதியில் படம் தற்செயலின் தர்க்கத்தை மட்டுமே கண்டிப்பாகப் பின்பற்றுகிறது.

அந்தத் தர்க்கத்தின் மிகக் கூரிய வடிவம், லோலா வழியில் உரசிச் செல்லும் மனிதர்களின் எதிர்காலத்தைப் புகைப்படங்களாகச் சில நொடிகளில் காட்டிவிடும் உத்தி. குழந்தை வண்டியைத் தள்ளிவரும் ஒரு பெண் முதல் ஓட்டத்தில் தன் குழந்தையை அரசிடம் பறிகொடுத்து, வேறொருவரின் குழந்தையைத் திருடுகிறாள்; இரண்டாவதில் லாட்டரியில் பரிசு வென்று செல்வச்செழிப்பில் வாழ்கிறாள்; மூன்றாவதில் தெருவில் மதப் பத்திரிகை விநியோகிக்கிறாள். திரையரங்குகளில் பெரும்பாலும் சிரிப்பை எழுப்பும் பகுதி இதுதான். மாறாக, ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பத்து நொடியில் நொறுக்கிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது இரக்கமற்ற வேடிக்கை என்று குறை கூறுபவர்களும் உண்டு. அந்தக் குறையில் பொருள் இருக்கிறது. லோலா அவளை இடித்தாள் என்பதற்கும் அவள் லாட்டரி வென்றாள் என்பதற்கும் நடுவிலுள்ள ஒரு கண்ணியைக்கூடப் படம் காட்டுவதில்லை. ஆனால் காட்டியிருந்தால் அது தற்செயலாக இருந்திருக்காது. அந்தப் பெண்ணின் கதையாக மாறியிருக்கும்.

தற்செயல் மட்டுமே படத்தை ஆண்டிருந்தால் சண்டையே எழுந்திருக்காது. முதல் ஓட்டத்தில், அங்காடிக்குள் கையில் துப்பாக்கியைப் பிடித்தபடி நிற்கும் லோலாவுக்கு அதன் பாதுகாப்புப் பூட்டை எப்படி விலக்குவது என்று தெரியாது. மானிதான் சொல்லிக் கொடுக்கிறான். இரண்டாவது ஓட்டத்தில், தந்தைக்கு முன்னால், யாரும் சொல்லாமலே அவள் அந்தப் பூட்டை விலக்குகிறாள். நடக்காமலே போய்விட்ட ஒரு நிகழ்விலிருந்து அவள் எப்படிக் கற்றுக்கொண்டாள்? இந்தச் சிறு அசைவைக் கண்டுபிடித்தவர்களே படத்தை வீடியோ விளையாட்டோடு ஒப்பிடும் வாசிப்பை வலுப்படுத்தினார்கள். ஒரு உயிர் போனால் மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஆடலாம். ஆட்டம் மறந்துவிட்டாலும் ஆடுபவரின் விரல் மறப்பதில்லை. 1990களின் நடுவில் வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாடி வளர்ந்த தலைமுறைக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு மூத்த பார்வையாளர்களில் பலர், ஒருத்தி செத்த பிறகு கதை மறுபடி தொடங்குவதையே முறைகேடாகக் கண்டார்கள்.

மூன்றாவது காரணம் லோலாவின் அலறல். தொடக்கத்தில் தொலைபேசியில் மானியை அடக்குவதற்காகக் கத்தும்போதே அறையிலிருக்கும் பாட்டில்கள் வெடித்துச் சிதறுகின்றன. தந்தையின் அறையில் அதே அலறல் கடிகாரத்தின் கண்ணாடியை உடைக்கிறது. சூதாட்ட விடுதியில் அவளிடம் இருக்கும் பணம் நூறு மார்க்குக்குச் சில காசு குறைவு. காசாளர் மனமிரங்கி ஒரு நூறு மார்க் வில்லையைக் கொடுக்கிறார். கறுப்பு 20இல் வைக்கிறாள், விழுகிறது. ரூலெட்டில் ஒற்றை எண்ணுக்கு ஒன்றுக்கு முப்பத்தைந்து மடங்கு கிடைக்கும். வைத்ததையும் சேர்த்தால் கையில் 3,600 மார்க். அத்தனையையும் மறுபடி அதே எண்ணில் வைக்கிறாள். சக்கரம் சுழலும்போது எழும் அவளுடைய நீண்ட அலறலில் விடுதியின் கண்ணாடிப் பொருள்கள் நொறுங்க, பந்து மறுபடி 20இல் விழுகிறது. கணக்குப்படி 1,29,600 மார்க். ஐரோப்பிய ரூலெட்டில் 37 கட்டங்கள் இருப்பதால் முன்பே தேர்ந்துகொண்ட ஓர் எண் இருமுறை தொடர்ந்து விழுவதற்கான வாய்ப்பு 1,369இல் ஒன்று. நடக்க முடியாததன்று; ஆனால் ஒருவர் தன் காதலனின் உயிரைப் பணயம் வைத்து நம்பத்தக்கதுமன்று.

கோபப்படுபவர்களின் வாதம் இங்கே உறுதியாக நிற்கிறது. ஒரு மணிநேரம் நொடிக்கு நொடி காரண காரியத்தைக் கணக்காகக் காட்டிவிட்டு, முடிவில் அலறினால் பந்து கேட்கும் என்று சொல்வது ஆட்டத்தின் விதியை நடுவில் மாற்றுவதாகும். இதற்குப் படத்தை விரும்புபவர்கள் பொதுவாகச் சொல்லும் பதில் காதலின் வலிமை என்பது. எனக்கு அது நிறைவளிக்கவில்லை. காதல் முதல் இரண்டு ஓட்டங்களிலும் குறைவாக இருக்கவில்லை. மாறியது வேறொன்று. முதல் இருமுறையும் லோலா பணத்தை இன்னொருவரிடமிருந்து பெற முயல்கிறாள்: ஒருமுறை கெஞ்சி, ஒருமுறை மிரட்டி. மூன்றாவதில் கேட்பதற்கு ஆளே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓடியபடி, யாரென்று பெயர் சொல்லாத ஒருவரிடம் உதவி வேண்டுகிறாள். ஒரு லாரி இடித்துவிடும் தூரத்தில் வந்து நிற்க, நிமிர்ந்து பார்த்தால் எதிரே சூதாட்ட விடுதி. பறிப்பதை விட்டுவிட்டுத் தன்னிடம் இருப்பது அனைத்தையும் வைத்து ஆடுவதற்கு அவள் துணிகிற கணம் அதுவே. ஊழை விட வலியது எது என்று 380ஆம் குறளில் கேட்ட வள்ளுவரே, 620இல் தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்கிறார். நாம் அந்த இரண்டையும் ஒரே நூலில் பல நூற்றாண்டுகளாக முரணென்று வருந்தாமல் படித்து வருகிறோம். டைக்வர் அந்த இரண்டையும் 81 நிமிடங்களுக்குள் அடுத்தடுத்து வைத்துவிட்டதுதான் நெருடுகிறது.

ஜெர்மானியப் பார்வையாளர்கள் இந்த முடிவை எளிதாக ஏற்றுக்கொண்டதற்குத் தனியான ஒரு காரணமும் உண்டு. படத்தின் தொடக்கத்தில் மனிதன் யார், எங்கிருந்து வருகிறோம் என்று கேள்விகளை அடுக்கும் குரல் ஹான்ஸ் பேட்ஷ் என்ற நடிகருடையது. குழந்தைகளுக்கான தேவதைக் கதை இசைத்தட்டுகளில் பல தலைமுறைகள் கேட்டு வளர்ந்த குரல் அது. அதைக் கேட்ட உடனேயே, இனி வருவது மாயக்கதை என்ற எதிர்பார்ப்பு ஒரு ஜெர்மானியருக்குள் உருவாகிவிடுகிறது. வெளிநாட்டவருக்கு அது வெறும் முதியவர் குரல். அதே போல, படத்தின் முகப்பில் டி. எஸ். எலியட்டின் கவிதை வரிகளுக்குப் பக்கத்தில் ஸெப் ஹெர்பெர்கரின் வாசகம் ஒன்று வருகிறது: ஆட்டம் முடிந்த பின் என்பது ஆட்டத்துக்கு முன் என்பதுதான். 1954இல் மேற்கு ஜெர்மனிக்கு உலகக் கோப்பையை வென்று தந்த கால்பந்துப் பயிற்சியாளர் அவர். பந்து உருண்டையானது, ஆட்டம் 90 நிமிடம் என்று வங்கிக் காவலாளி சொல்லிவிட்டுப் பந்தை வானத்துக்கு உதைப்பதும் அவர் பெயரில் வழங்கும் வாசகத்தை வைத்தே. ஆக, மாயக்கதையும் விளையாட்டும் இந்தப் படத்தின் இரு அடிப்படைகள் என்ற அறிவிப்பு முதல் சில நிமிடங்களிலேயே கொடுக்கப்பட்டுவிட்டது. அது ஜெர்மன் மொழியில் வாழ்பவர்களின் காதில்தான் முழுமையாக விழுந்தது.

அன்றைய ஜெர்மானியத் திரைச் சூழலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1990களில் அங்கு வணிக வெற்றி பெற்றவற்றுள் பல, நடுத்தர வர்க்க இளைஞர்களின் காதல் சிக்கல்களைச் சொல்லும் மென்மையான நகைச்சுவைப் படங்கள். திரைப்பட ஆய்வாளர் எரிக் ரென்ட்ஷ்லர் அந்தக் காலகட்டத்தை ‘ஒத்திசைவின் சினிமா’ என்று சற்றுக் கசப்போடு குறிப்பிட்டார். 1994இல் டைக்வர், ஸ்டெஃபான் ஆர்ண்ட், வொல்ஃப்காங் பெக்கர், டானி லெவி ஆகியோர் தொடங்கிய எக்ஸ் ஃபில்மே நிறுவனம் இதற்கு மாற்றாகத் தோன்றியது. ‘ரன் லோலா ரன்’ ஜெர்மனியில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் திரையரங்குக்கு இழுத்தது. 1999இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் உலக சினிமாவுக்கான பார்வையாளர் விருதைப் பெற்றது. அதே ஆண்டு ஜெர்மானியத் திரைப்பட விருதுகளிலும் சிறந்த படமாகத் தேர்வானது. அந்த விருதுச் சிலைக்கு லோலா என்று பெயரிட்டபோது, நடிகை மார்லீன் டீட்ரிஷும் இயக்குநர் ஃபாஸ்பிண்டரும் தந்த பழைய லோலாக்களுடன் இந்தப் புதிய லோலாவும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டாள். ஜெர்மானியப் படம் என்றால் கனத்த மௌனமும் வரலாற்றுக் குற்றவுணர்ச்சியும் என்று எதிர்பார்த்த அமெரிக்க ரசிகர்கள், டெக்னோ இசையோடு ஓடும் செந்தலைப் பெண்ணைக் கண்டு வியந்ததில் ஆச்சரியமில்லை.

பெர்லின்வாசிகளின் எதிர்வினை வேடிக்கையானது. ஊரின் நிலவியல் தெரிந்தவருக்கு லோலாவின் பாதை அபத்தம். கிழக்கே ஓபர்பாம் பாலத்தில் ஓடுபவள் அடுத்த வெட்டில் நகரின் நடுவிலும், பிறகு மேற்கே ஷார்லோட்டன்பர்க்கிலும் தோன்றுகிறாள். 20 நிமிடத்தில் எந்த மனிதக் காலும் அதை ஓடி முடிக்காது. சுவர் இடிந்து பத்தாண்டுகூட ஆகாத நகரில், முன்னாள் கிழக்கையும் மேற்கையும் ஒரே ஓட்டத்தில் தைத்துவிடும் இந்தப் பிழையை வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொள்ளலாம்; எடுத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். படத்தொகுப்பாளர் மத்தில்ட் பான்ஃபுவாவின் வெட்டுகள் அந்தக் கேள்வியைக் கேட்க நேரம் தருவதில்லை.

கலையார்வம் மிகுந்த பார்வையாளர்களிடமிருந்து வந்த கடுமையான விமர்சனம், இது போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் ‘பிளைண்ட் சான்ஸ்’ படத்தின் மேலோட்டமான வடிவம் என்பது. 1981இல் எடுக்கப்பட்டு, தணிக்கையால் 1987 வரை வெளிவராமல் கிடந்த அந்தப் படத்திலும் ஒருவன் ரயிலைப் பிடிக்க மூன்று முறை ஓடுகிறான். ஒருமுறை கம்யூனிஸ்ட் கட்சிக்காரனாகவும், ஒருமுறை ஆட்சியை எதிர்ப்பவனாகவும், ஒருமுறை அரசியலில் ஒதுங்கிய மருத்துவனாகவும் ஆகிறான். அந்த ஒப்பீடு பொருத்தமே. டைக்வர் பின்னர், கீஸ்லோவ்ஸ்கி இணைந்து எழுதிய திரைக்கதையொன்றை 2002இல் ‘ஹெவன்’ என்று படமாக்கியும் இருக்கிறார். ஆயினும் ஒரு வேறுபாட்டை விமர்சகர்கள் விட்டுவிடுகிறார்கள். கீஸ்லோவ்ஸ்கியின் நாயகனுக்குத் தன் மற்ற வாழ்க்கைகள் தெரியாது. அவற்றை மறுக்கும் உரிமையும் அவனுக்கு இல்லை. லோலாவோ செத்துக்கொண்டிருக்கும்போது அந்த முடிவை மறுக்கிறாள். ஓட்டங்களுக்கு இடையே சிவப்பு ஒளியில் லோலாவும் மானியும் படுக்கையில் பேசிக்கொள்ளும் காட்சிகளில், முதலாவதில், மானியை விட்டுப் போவதா வேண்டாமா என்று தெரியவில்லை, முடிவெடுக்க வேண்டும் என்கிறாள். வேகத்துக்காகப் படத்தைப் பார்ப்பவர்கள் பொறுமையிழக்கும் இந்தக் காட்சிகளில்தான் ஓட்டம் ஏன் திரும்பத் தொடங்குகிறது என்பதற்கான ஒரே தடயம் இருக்கிறது.

மறுதொடக்கத்துக்கு யார் அனுமதி தந்தது என்ற இந்தக் கேள்விக்கு 2022இல் வெளியான இந்தி மறுஆக்கம் ‘லூப் லபேட்டா’ ஓர் இந்திய விடையை வைத்தது. டாப்ஸி நடித்த நாயகியின் பெயர் சவி. அவள் காதலன் சத்யா. யமனிடம் வாதாடிக் கணவனை மீட்ட சாவித்திரி கதையை அறிந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆனால் அந்த விடை கிடைத்தவுடன் மூலப்படத்தின் சங்கடமும் போய்விடுகிறது. லோலாவின் பின்னால் எந்தப் புராணமும் இல்லை. அவள் வேண்டிக்கொண்டவருக்கும் முகமில்லை.

வங்கிக் காவலாளி ஷூஸ்டரைப் பற்றியும் ரசிகர்களிடையே ஓர் ஊகம் உலவுகிறது. லோலா தன் மகளல்ல என்று தந்தை வெறுப்போடு சொல்லும் காட்சியையும், மூன்றாவது ஓட்டத்தில் காவலாளி அவளை நெடுநாள் காத்திருந்தவரைப் போல வரவேற்பதையும், இறுதியில் ஆம்புலன்ஸில் நெஞ்சுவலியோடு கிடக்கும் அவருடைய கையை அவள் பற்றியதும் இதயத்துடிப்பு சீராவதையும் இணைத்து, அவரே அவளுடைய உண்மையான தந்தை என்கிறார்கள். படம் இதை எங்கும் உறுதிப்படுத்தவில்லை. எனக்கு அந்த உறவை விட, 12 மணிக்கு இன்னும் சில நொடிகளே இருக்கும்போது லோலா ஓடுவதை நிறுத்திவிட்டு ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பதே முக்கியம்.

மூன்றாவது ஓட்டத்தின் கடைசித் திருப்பம் இந்த விவாதங்கள் அனைத்தையும் மேலும் சிக்கலாக்குகிறது. லோலா ஓடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், மானி பணப்பையோடு சைக்கிளில் போகும் வீடற்றவரைத் தெருவில் கண்டு துரத்திப் பிடித்து, தன் துப்பாக்கியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பையை மீட்டு, ரோனியிடம் கொடுத்தும் முடித்துவிடுகிறான். பணத்தோடு வந்து சேரும் லோலாவிடம், எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி, பையில் என்ன என்று கேட்கிறான். அத்துடன் படம் உறைந்து முடிகிறது. அப்படியானால் ஓட்டம், அலறல், ரூலெட் எல்லாம் வீண்தானே என்று கேட்கும் பார்வையாளர்களுக்குப் பொருளளவில் மறுப்புச் சொல்ல முடியாது. மானியின் உயிரை லோலாவின் பணம் காப்பாற்றவில்லை. அந்தப் பணம் செய்திருப்பது வேறு. முதல் படுக்கைக் காட்சியில் அவள் எடுக்க வேண்டியிருந்த முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. மானியோடு இருப்பதா, போய்விடுவதா என்பது அப்படியே கிடக்கிறது. இதுவரை அவள் எடுத்த ஒவ்வொரு முடிவும் கடிகாரத்தின் கீழ், வேறொருவரின் உயிருக்காக எடுத்தவை. இப்போது மானி பிழைத்துவிட்டான், கடன் தீர்ந்துவிட்டது, பையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மார்க் அவளுக்கே சொந்தமாக இருக்கிறது. அவனுடைய கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதை நிதானமாக யோசிக்க அவளுக்கு முதன்முறையாக நேரமும் இருக்கிறது.